ஊரகத் திறமை: ஆண்டுக்கு ஆயிரம்

தமிழ்நாடு ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கானது. மாவட்டத்துக்கு மாணவர் 50 பேர், மாணவியர் 50 பேர். தேறியவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய். நாள் கணக்கில் பார்த்தால் மூன்று ரூபாய்க்கும் குறைவு. டீக்கடைப் பக்கம் போய் அறிவு வீணாகிவிடக் கூடாதென்ற முன்யோசனையாக இருக்கலாம்.

ஊராட்சி, பேரூராட்சிப் பள்ளிகளில் படிப்போரே விண்ணப்பிக்க முடியும். பேரூராட்சி நகராட்சியாகத் தரம் உயர்ந்தால், அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் ஊரகத் திறமை அரசாணையோடு அற்றுப்போகும்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 8,400 ரூபாய் சம்பாதிக்கும் அப்பா, இந்தக் கணக்கில் வசதிக்காரர். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் வர வேண்டும், அன்றைய கூலி போயிற்று. உதவித்தொகையில் பாதி கைக்கு வருமுன்னே செலவாகிவிடும்.

எட்டாம் வகுப்பில் எழுதும் மத்திய அரசின் தேசிய வருவாய்வழி, திறன்வழி உதவித்தொகைத் தேர்வில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். வருமான வரம்பு மூன்றரை லட்சம். டெல்லியின் பார்வையில் ஏழையான பிள்ளை, சென்னைக்கு வந்ததும் பணக்காரப் பிள்ளையாகிவிடுகிறது.