‘காசு வந்தால் தருவன்’: குரோய்டன் கடனாளிகளின் இலக்கணம் பற்றிய முதற்கட்ட ஆய்வு

ஆய்வுப் பரப்பு: தெற்கு லண்டனின் மேற்குக் குரோய்டன் ரயில் நிலையத்தில் தொடங்கி, லண்டன் ரோடு வழியே தோர்ன்டன் ஹீத் வரை. ஆய்வுப் பொருள்: கைமாற்று வாங்கியவர்களின் வினைமுற்று.

‘காசு வந்தால் தருவன்.’ கடைக் கல்லாவில், மீன்ரோல் தட்டுக்கு மேலாகக் கையை நீட்டி மிச்சச் சில்லறையையும் வாங்கிக்கொண்டே ஒருவர் சொன்னது. தொல்காப்பியர் ‘செயின்’ என்று வாய்பாடு கொடுத்த எச்சத்தின் வேலையைத்தான் இந்த ‘வந்தால்’ இன்று பார்க்கிறது. காசு வருமா என்பதற்கு இதில் ஒரு துப்பும் கிடையாது. வெள்ளிக்கிழமை சம்பளம் எடுப்பவரும் இதையே சொல்வார். லாட்டரி விழக் காத்திருப்பவரும் இதையே சொல்வார்.

ஸ்பானிஷ் மொழியில் இந்தச் சுகம் இல்லை. பணம் செலுத்துவதற்கு அங்கே ‘பகார்’ என்று ஒரு வினை. ஒழுங்கான வினை, வேரில் கைவைக்க வேண்டாம், முழுச்சொல்லின் வாலில் விகுதியை ஒட்டினால் போதும். காசு கிடைக்கக்கூடியதென்றால் ‘பகரே’, கொடுப்பேன். கையில் இல்லை, இருந்தால் அல்லவா என்றால் ‘பகரீயா’. இரண்டு விகுதியும் பழைய லத்தீனில் ‘உடைத்தாயிரு’ என்ற ஒரே துணைவினையின் தேய்ந்த மிச்சம்; ஒன்று நிகழ்காலம், மற்றது இறந்தகாலம். ‘வந்தால்’ என்ற நிபந்தனைப் பகுதியிலும் வினை உருமாறிவிடும். ஆக, கடனாளி வாயைத் திறந்ததுமே வரவு தெரிந்துவிடும். இன்னொன்று: ஸ்பானியர் கடன் உறுதிச்சீட்டுக்கே ‘பகரே’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘பகரீயா’ என்று எந்த வங்கியும் சீட்டு அச்சடித்ததாகத் தெரியவில்லை.

அந்த விகுதியிலும் ஒரு பொந்து உண்டு. ‘நான்’ என்றாலும் ‘அவன்’ என்றாலும் ‘பகரீயா’தான். எழுவாயை விட்டுவிட்டால் கொடுக்கவேண்டியவர் யாரென்றே புரியாது. நம் பேச்சுவழக்கில் நான் என்றால் ‘தருவன்’, அவன் என்றால் ‘தருவான்’; இந்த விஷயத்தில் அது நாணயமானது, ஆளையாவது காட்டிக்கொடுக்கிறது.

மண்வாசனையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2000, 2002, 2012 என்று கேட்டுக் கேட்டும் நகர அந்தஸ்து கிடைக்காத ஊர் குரோய்டன். விட்கிஃப்ட் சென்டர் என்ற கடைத்தொகுதியை இடித்து வெஸ்ட்ஃபீல்ட் கட்டப்போகிறோம் என்று 2013இல் சொன்னார்கள். பழைய கட்டடம் நின்றது, திட்டம்தான் மாறி மாறி வந்தது. போதாததற்கு, விசாக் கோப்புகள் குடியிருக்கும் லூனார் ஹவுஸும் இங்கேதான். ‘கிடைத்தால்’, ‘கிடைத்திருந்தால்’ இரண்டும் அந்த வாசலில் நின்றவர்களுக்குப் பாடமாகவே இருக்கும்.

ஆய்வின் பரிந்துரை எளிது: கைமாற்று கேட்பவர் இனி ஸ்பானிஷில் கேட்கட்டும். மேற்படி மீன்ரோல்காரரிடம் இதை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

‘அதுக்கென்ன தம்பி, நேரம் கிடைச்சால் படிப்பன்.’