சொத்தில்லா முதலாளிகள் சங்கம்

ஒரு கால்பந்துக் கிளப்புக்கு நான் உரிமையாளர். 12,000 பேர் உட்காரும் மைதானம், ஒரு முழு அணி, என்னைக் கண்டாலே ஆகாத ரசிகர் மன்றம் எல்லாம் உண்டு. இத்தனையும் இருப்பது ஹாட்ரிக் என்ற இணைய விளையாட்டில். 1997-ல் ஸ்வீடனில் தொடங்கியது. கிளப் கிடைத்ததும் மைதானமும் கைக்கு வந்துவிடும். பத்திரப்பதிவு, பட்டா மாறுதல் என்று ஒரு அலைச்சலும் கிடையாது.

முதலாளி என்று ஆனபின் சங்கம் இல்லாமல் எப்படி? நிஜ முதலாளிகளே அப்படித்தான். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் சூப்பர் லீக் என்று தனிக்கடை விரித்தன. இரண்டே நாளில் இங்கிலாந்தின் ஆறும் கழன்றுகொண்டன. எங்கள் சங்கம் அதைவிடக் கெட்டி. சண்டை போட்டுக்கொண்டாலும் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே இருப்போம்.

தலைவர் ஃபின்லாந்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் உருகுவேயில் பல் மருத்துவர். பொருளாளர் போலந்து. நான் இணைச் செயலாளர். சாதாரண உறுப்பினர் என்று ஒரே ஒரு கல்லூரி மாணவன்தான் இருந்தான். விதிமுறைகள் எல்லாம் அவனுக்காகவே எழுதப்பட்டவை. அவனும் சலித்துப்போய் விலகப் பார்த்தான். ஒழுங்கு நடவடிக்கைக் குழுத் தலைவர் பதவியைக் கொடுத்து நிறுத்தி வைத்தோம். இப்போது நடவடிக்கை எடுக்கத்தான் ஆளில்லை.

விதிகளில் முதலாவது, ஒரு உறுப்பினர் கேட்கும் ஏலத்தில் இன்னொரு உறுப்பினர் குறுக்கே விழக் கூடாது என்பது. அதை முதலில் மீறியவர் தலைவர். இந்த விளையாட்டில் ஆட்டக்காரரை மூன்று நாள் ஏலத்தில் விடுவார்கள். கடைசி மூன்று நிமிடத்துக்குள் யாராவது விலை ஏற்றினால் கெடுவும் மூன்று நிமிடம் தள்ளிப்போகும். நள்ளிரவு தாண்டி ஒரு கோல்கீப்பருக்காக நான் ஏற்ற, அவர் ஏற்ற, ஏலம் முடிவேனா என்றது. விளக்கு வெளிச்சத்தில் மனைவி எழுந்துவிட்டாள்.

“யாருக்குங்க என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லை. கோல்கீப்பர் போயிடுவான் போலிருக்கு.”

“ஐயோ பாவம். சின்ன வயசா?”

“பத்தொன்பது.”

“அவங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா?”

நான் பதில் சொல்வதற்குள் அவன் போய்விட்டான், ஃபின்லாந்துக்கு. விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினேன். அது தலைவர் என்ற முறையில் கேட்ட ஏலம் அல்ல, தனிப்பட்ட முறையில் கேட்டது என்று பதில் வந்தது. நம் ஊரில் வார்டு கவுன்சிலராக நின்றிருக்க வேண்டிய மனிதர்.

அந்தப் பத்தொன்பதும் நிலைக்கப்போவதில்லை. அங்கே ஒரு சீசன் 16 வாரம். 112 நாளுக்கு ஒரு வயது ஏறும். நமக்கு ஒரு பிறந்தநாள் வருவதற்குள் அவன் மூன்று கேக் வெட்டிவிடுவான். அந்த மட்டில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

மழையும் எங்கள் அரசியலில் உண்டு. நுட்பமாக ஆடுகிறவர்கள் மழையில் சோர்ந்துபோவார்கள். பலசாலிகளுக்கோ சேறும் சகதியும் கொண்டாட்டம். செயலாளரின் அணியில் நுட்பக்காரர்கள் அதிகம். மூன்று ஆட்டம் தோற்றதும் மழையைக் கண்டித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பலசாலிகளாகப் பார்த்து வாங்கிப்போட்டிருந்த பொருளாளர், இயற்கையின் விஷயத்தில் சங்கம் தலையிடக் கூடாது என்று எதிர்த்து வாக்களித்தார். என் வாக்கு யாருக்கு என்று இரண்டு பேரும் தனித்தனியாக விசாரித்தார்கள். முதலாளியான பிறகு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. இரண்டு பேருக்குமே சரி என்று சொல்லி வைத்தேன்.

போன மாதம் ஆண்டுக் கணக்கு தாக்கலானது. பொருளாளர் மூன்று பத்தி கொண்ட அட்டவணை போட்டிருந்தார். ஆரம்ப இருப்பு பூஜ்யம், வரவு பூஜ்யம், செலவு பூஜ்யம். தணிக்கைப் பொறுப்பு அந்த மாணவனிடம். கையெழுத்துப் போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டான். எதற்கும் ரசீது இணைக்கவில்லையாம்.