தின்னரும் தீயும்

கேள்வி: கடைக்குத் தீக் காப்பீடு எடுத்தபோது பின்னறையில் தின்னர் டின்கள் இருப்பதைச் சொல்லவில்லை. நாளை தீப்பிடித்தால், நானே கொளுத்தியதாகச் சொல்லிவிடுவார்களோ?
– பெயின்ட் கடைக்காரர், இலத்தூர்

பதில்: சொல்லலாம், நிரூபிக்க வேண்டியது கம்பெனி. தீ எதனால் பிடித்தது என்பது முக்கியமில்லை, பாலிசிதாரர் மூட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று முதித் ரோட்வேஸ் வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே தீக்குச்சியைப் பற்றிய கவலையை விடுங்கள். தின்னரைப் பற்றிக் கவலைப்படுங்கள்! அதை மறைத்ததே கிளெய்மை மறுக்கப் போதும். ஆயுள் காப்பீட்டில் 3 ஆண்டு தாண்டினால் பழையதைக் கிளற முடியாது. தீக் காப்பீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்றே எழுதிக் கொடுத்து, கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டிவிடுங்கள். உங்களூர் சனீஸ்வரனாவது எள் தீபத்துக்கு இரங்குவார். நட்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் காகிதத்துக்கு மட்டும்தான் இரங்குவார்.