ஜீரோ பார்த்துக்கோங்க சார்

"ஜீரோ பார்த்துக்கோங்க சார்" என்கிறார் பங்க் ஊழியர். பார்க்கிறோம். ஜீரோ மீட்டரில் மட்டும்தான். டேங்குக்குள் இறங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், அதாவது சாராயம். டாஸ்மாக் பாட்டிலில்கூட எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருப்பான். பல பங்க்குகளில் அந்த மரியாதையும் கிடையாது.

எத்தனால் விஷம் என்று சொல்ல வரவில்லை. ஆக்டேன் கூடும், உண்மைதான். அந்த ஆக்டேனை வாங்கிக்கொள்ள அதற்கென்று செய்த எஞ்சின் வேண்டும். நம்மிடம் இருப்பது 2014 மாடல் பைக். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதை ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் ஆறேழு சதவீதம் காலி. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பெட்ரோலிய அமைச்சகத்தின் கணக்கில் இது 'சொற்பம்'.

2021-இல் நிதி ஆயோக் ஓர் அறிக்கை தந்தது. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று அதிலேயே இருக்கிறது. அதை ஈடுகட்ட இந்தப் பெட்ரோலின் விலையைக் குறைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கலக்கச் சொன்ன பக்கத்தை அரசு அப்படியே நிறைவேற்றியது. 2030-க்கு வைத்த இலக்கை 2025-லேயே முடித்து மார்தட்டியது. விலையைக் குறைக்கச் சொன்ன பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டது போலிருக்கிறது. கேட்டால், எத்தனாலே லிட்டர் 71 ரூபாய் ஆகிவிட்டது, எப்படிக் குறைப்பது என்கிறார்கள். சரக்கு மட்டம், விலை ஒசத்தி. மளிகைக்கடைக்காரர் இதைச் செய்தால் கலப்படம் என்று சீல் வைப்பார்கள்.

எத்தனால் கலந்ததால் 2025 ஜூலை வரை அந்நியச் செலாவணியில் 1.44 லட்சம் கோடி ரூபாய் மிச்சமாம். நல்லது. அதில் நம் பங்கு எங்கே?

எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்கச் சொல்லி ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். பின்னால் பெரிய லாபி இருக்கிறது என்றது அரசுத் தரப்பு. 2025 செப்டம்பர் 1-இல் மனு தள்ளுபடி. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுவிட்டு முள் ஏறுகிறதா என்று குனிந்து பார்க்கிறோமே, நாம்தான் அந்த லாபி.

விவசாயி வாழ்கிறார் என்பார்கள். வாழட்டும். ஆனால் கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பதும் அதே நிதி ஆயோக் கணக்குதான். காவிரியில் சொட்டுக் கணக்குப் பார்க்கும் தேசம் இது. போதாக்குறைக்கு, இந்திய உணவுக் கழகத்துக்குக் கிலோ கிட்டத்தட்ட 40 ரூபாய் அடக்கமான அரிசி, 2025-இல் எத்தனால் எடுக்க 22 ரூபாய் 50 காசுக்குச் சாராய ஆலைக்குப் போனது. மிச்சத்தைக் கட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மெக்கானிக் கடைக்குப் போங்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டுவார். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தனியாக நிற்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஜெட்டில் பச்சையாய்க் களிம்பு. பெட்ரோல் டியூப் ஊறிப்போய்ப் பிசுபிசுக்கும். "மழைக்காலம் வந்தா இதான் சார் பொழப்பு" என்பார். அவருக்காவது லாபம்.

இப்போது மருந்தும் வந்துவிட்டது. எத்தனால் பாதிப்பிலிருந்து எஞ்சினைக் காக்கும் அடிட்டிவ், சின்ன பாட்டில், சில நூறு ரூபாய். அரசு கலந்ததைச் சமாளிக்க நாம் ஒன்றைக் கலக்க வேண்டும். வாகனக் கையேட்டைப் படித்துவிட்டு ஊற்றவும் என்று லேபிளில் போட்டிருக்கிறது. படித்தால், பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்கிறது கையேடு.

அந்தப் பாட்டிலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி.