மதிப்பெண் போட்டுக் கொன்ற கவிதை

ஷோனா மொழிக்குப் பள்ளிக்கூடம் செய்திருக்கும் உபகாரங்களை இதுவரை யாரும் முறையாகப் புகழவில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துவிடுவோம்.

இன்றைய ஜிம்பாப்வேயின் மேட்டுநிலத்திலும் பள்ளத்தாக்கிலும் ஸெஸுரு, கரங்கா, மன்யிக்கா, ந்தாவு, கோரெகோரே என்று பல வழக்குகளில் ஜனங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு கிழித்துப் பார்த்ததில்லை. 1890இல் செசில் ரோட்ஸின் கம்பெனி கொடி நட்டது. பாதிரிமார் பள்ளிக்கூடம் கட்டினார்கள். சிஷாவாஷாவின் கத்தோலிக்கர் ஸெஸுருவை எடுத்துக்கொண்டார்கள். மார்கன்ஸ்டரில் டச்சுச் சீர்திருத்த சபைக்குக் கரங்கா. பென்ஹலோங்காவின் ஆங்கிலிக்கன் சபைக்கு மன்யிக்கா. செலிண்டா மலை அமெரிக்கர்களுக்கு ந்தாவு. ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல், ஆளுக்கொரு ஜெபப் புத்தகம். ஏசுநாதர் ஒருவர்தான், அவரை எழுதும் விதத்தில் மட்டும் சண்டை.

சண்டையைத் தீர்க்க 1929இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளெமென்ட் டோக் வரவழைக்கப்பட்டார். பெரிய அறிஞர், அதில் சந்தேகமில்லை. அரசுகள் தம் அடாவடியை எப்போதும் பெரிய அறிஞர்களின் கையெழுத்தோடுதான் வெளியிடும். 1931இல் அறிக்கை வந்தது. இலக்கணத்துக்கு ஸெஸுருவும் கரங்காவும் அடிப்படை. அகராதியில் மன்யிக்காவும் ந்தாவுவும் இடம்பெறலாம். கோரெகோரே சொற்களுக்கு ஆதரவு தர வேண்டியதில்லை. அந்தப் பாவப்பட்ட வடக்கத்தியார் செய்த குற்றம், தங்கள் பக்கத்தில் புத்தகம் போடுகிற மிஷன் ஒன்றை வரவழைத்துக்கொள்ளத் தவறியதுதான்.

அதற்குப் பிறகு கோரெகோரே பேசும் தாந்தே பள்ளத்தாக்கில் ஒரு பிள்ளை, பாட்டி சொன்ன சொல்லை அப்படியே கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையால் ஒரு சுழி. தாய்மொழிப் பாடத்திலேயே தோற்றுப்போகும் பாக்கியம் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? ஷோனாவுக்குள் அடைத்து மூடிய ந்தாவுவை 2013இன் அரசியல் சட்டம் தனி மொழி என்று அறிவித்து வெளியே எடுத்தது. இடைப்பட்ட 80 ஆண்டுகளில் தேர்வெழுதிய சிப்பிங்கே வட்டாரப் பிள்ளைகளின் விடைத்தாள்களுக்கு மறுமதிப்பீடு உண்டா என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கவிதைக்கு வருவோம். பள்ளிக்கூடத்தின் திருவிளையாடல் முழுதாகத் தெரிவது அங்கேதான்.

ஷோனா வீட்டில் ஒருவருக்கு ஏதாவது கொடுத்தால் வெறும் நன்றியோடு முடியாது. வாங்கிக்கொண்ட கிழவி இரண்டு உள்ளங்கைகளையும் குழித்துத் தட்டுவாள். கொடுத்தவரின் குலச்சின்னத்தைச் சொல்லி அழைப்பாள்: சோகோ என்றால் குரங்கு, ஷும்பா என்றால் சிங்கம், மோயோ என்றால் இதயம். பிறகு அந்தக் குலத்தின் முன்னோர் எந்த மலையிலிருந்து இறங்கினார்கள், எந்த ஆற்றைக் கடந்தார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று மளமளவென்று பொழிவாள். ஒரு கிண்ணம் கூழுக்கு ஒரு வம்சத்தின் வரலாறே பதில் மரியாதை. குரலின் ஏற்ற இறக்கத்தில் பொருளே மாறுகிற மொழி அது. அந்த ஏற்ற இறக்கம்தான் கவிதைக்கு எலும்பு.

இதைப் பார்த்த பள்ளிக்கூடம், பாவம், இயைபு இல்லையே என்று கவலைப்பட்டது. ஆங்கிலப் பாடநூலில் கவிதை என்றால் அடியின் கடைசி ஓசை ஒத்துவர வேண்டும். பதினாலு வரி இருந்தால் சானட். ஆகவே ஷோனாவிலும் சானட் எழுதினார்கள். ஷோனாவில் ஏறக்குறைய எல்லாச் சொல்லும் உயிரெழுத்தில்தான் முடியும், மொத்தமே ஐந்து உயிர்கள். அந்த மொழியில் கடைசி ஓசையை ஒத்துவரச் செய்வது மழைக்காலத்தில் தவளை பிடிப்பது மாதிரி, கையை நீட்டினால் போதும். அதற்குத்தான் பாராட்டு. குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட எழுத்தில் ஒரு புள்ளிகூட இல்லை; அதனால் அது பாடத்திலும் இல்லை.

1950-களில் அரசாங்கம் ஓர் இலக்கியப் பணியகம் திறந்தது. ஆப்பிரிக்கர்கள் தாராளமாக எழுதலாம். அரசியல் மட்டும் கூடாது, மதச் சர்ச்சை கூடாது. மிச்சம் என்ன? குடி கெடுதல், பட்டணம் கெடுதல், படிப்பு நல்லது. படிப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் உருகலாம், அச்சுச் செலவு அரசாங்கத்துடையது. சாலமன் முட்ஸ்வைரோவின் ‘ஃபேசோ’ நாவல் 1956இல் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. 1898இல் வெள்ளையர் தூக்கிலிட்ட ஆவியாடி நெஹாண்டாவை விளித்த ஒரு கவிதை அதற்குள் இருந்தது. அது கூட்டங்களில் ஒலிக்கத் தொடங்கிய பிறகுதான் அதிகாரிகளுக்குக் கவிதை புரிந்தது. புத்தகம் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டது. அந்த அதிகாரிகளைவிடக் கூர்மையான விமர்சகர் அந்தக் கவிதைக்கு வாய்த்திருக்க மாட்டார்.

ஹெர்பர்ட் சிட்டெப்போ சமர்த்துப் பிள்ளை. மிஷன் பள்ளி, ஃபோர்ட் ஹேர், லண்டன் என்று படித்து நாட்டின் முதல் கறுப்பு பாரிஸ்டரானார். அவர் சாலிஸ்பரி நகரத்துக்குள் அலுவலகம் வைக்க நிலச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. மன்யிக்கா மண்ணின் பேச்சில் அவர் எழுதிய நெடுங்கவிதை ‘சோகோ ரிசினா முசோரோ’ 1958இல் வந்தது. 1975 மார்ச்சில் லுசாக்காவில் அவர் காருக்கு வெடிகுண்டு வைத்தார்கள். இத்தனை படித்ததற்கு வேறென்ன பரிசு தருவார்கள்?

படிப்பு நல்லது என்று அச்சடித்த அதே அரசாங்கம் 1966இல் ஒரு கல்வித் திட்டம் போட்டது. தொடக்கப்பள்ளியை முடித்து வரும் எட்டு கறுப்புப் பிள்ளைகளில் ஒருவனுக்கு முறையான உயர்நிலைப் பள்ளி. மூன்று பேருக்குக் கைத்தொழில் சார்ந்த அரைகுறைப் பள்ளி. மீதி நாலு பேர் வீட்டுக்குப் போகலாம். வெள்ளைப் பிள்ளைகளுக்கோ 1930-களிலிருந்தே கட்டாயக் கல்வி. கவிதையில் பள்ளிக்கூட வாசலைப் பாடு. வாசலில் காவலாளி நிற்பான், அவனைப் பாடாதே.

அந்த நாலு பேரில் பலர் புதருக்குள் போய்த் துப்பாக்கி எடுத்தார்கள். போர் முற்றியபோது கிராமப் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. விடிய விடியப் புங்வே நடந்தது, பாட்டும் ஆட்டமும் அரசியலுமாக. தாந்தே பக்கத்தில் போராளிகளுக்கு வழிசொன்ன ஆவியாடிகள் பேசியது கோரெகோரே. ஆதரவு தர வேண்டாம் என்ற மொழிதான்.

1980இல் விடுதலை. தலைவர் முகாபேயே பழைய வாத்தியார். தொடக்கக் கல்வி இலவசமானது, லட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். இதை மறைத்துப் பேசுகிறவன் அயோக்கியன். ஆனால் வேலைக்கு மனுப்போட ‘ஓ லெவலில்’ ஐந்து பாடம் தேற வேண்டும், அதில் ஆங்கிலம் இருந்தாக வேண்டும் என்ற பூட்டை யாரும் கழற்றவில்லை. மூக்கால் ஆங்கிலம் பேசும் புதுப்பணக்காரப் பிள்ளைகளுக்கு ஜனங்கள் ‘நோஸ் பிரிகேட்’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் பிள்ளையையும் அந்த மூக்குக்கே தயார் செய்தார்கள், வேறு வழி? அதிபரின் மகள் பட்டம் வாங்கியது ஹாங்காங்கில். உள்ளூரில் பட்டம் வாங்கியவர்கள் 2016இல் கறுப்பு அங்கியோடு ஹராரே தெருவில் இறங்கிப் பந்து விளையாடி, வேலை எங்கே என்று கேட்டார்கள்.

குலப்புகழ் மட்டும் நன்றாகவே பிழைத்துக்கொண்டது. முகாபேயின் குலப்பெயர் குஷுங்கோ. பள்ளியில் சுழிக்கப்பட்ட கிழவியின் கலை, அரசு நாளேட்டில் அவர் பெயருக்கு முன்னால் தினமும் கைதட்டியது. வெள்ளைக்காரரிடம் பிடுங்கிய நிலத்தில் அவர் குடும்பம் நடத்திய பால்பண்ணைக்கும் அதே பெயர். 2009இல் நெஸ்லே கம்பெனி அந்தப் பாலை வாங்குவது வெளியே தெரிந்து நாறியபோது, கம்பெனி நிறுத்திக்கொண்டது. குலப்புகழ் பற்றி இனி தேர்வில் கேட்டால் பிள்ளைகள் தைரியமாக எழுதலாம்: லிட்டர் கணக்கில் விற்கப்படுவது. சரியான விடை, முழு மதிப்பெண்.