கொல்லைக் கோடி

தெருவுக்குள் கழிவுநீர் லாரி நுழைந்தால் இன்றைக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் கேன் வண்டி, காய்கறி வண்டி, கூரியர்காரர் என்ற வரிசையில் அதுவும் ஒன்றாகிவிட்டது. மடிப்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று சென்னையின் தெற்கு ஓரத்தில் ஏரிகளை ஒட்டி வீடு கட்டியவர்களுக்கு, மின்கம்பத்திலும் காலிமனைச் சுவரிலும் ‘செப்டிக் டேங்க் கிளீனிங்’ என்று எழுதிக் கீழே கைப்பேசி எண் போட்டிருப்பது, தெருப் பெயர்ப் பலகையைவிட அதிகம் பழகிய எழுத்து. கூப்பிட்டால் மதியத்துக்குள் வண்டி வாசலில் நிற்கும். வேலையை முடித்து, ஓஸைச் சுருட்டிக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்குள் போயும்விடும். நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில் கும்பகோணத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், எங்கள் தெரு அதைக் கதாகாலட்சேபத்தில் கேட்ட சங்கதியாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கும்.

அந்த வீடுகளின் நீளம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம், அடுக்களை, கிணற்றடி, அதற்கப்பால் வாழையும் எலுமிச்சையும் மாட்டுக் கொட்டிலும் தாண்டி, கொல்லைக் கோடியில், சந்தினை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு சின்ன அறை. பகலில் அங்கே போவது ஒரு காரியமே இல்லை. இரவில் போவதென்றால் அது ஒரு பயணம். பாட்டியை எழுப்ப வேண்டும். அவள் அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு, ஒரு கையில் விளக்கும் மறு கையில் என் விரலுமாக நடப்பாள். தென்னங்கீற்று அசைந்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவளோ வானத்தைப் பார்த்து அது சப்தரிஷி, அது அருந்ததி என்று காட்டிக்கொண்டே வருவாள். கதவைச் சாத்தியதும், “பாட்டி, இருக்கியா?” என்று உள்ளிருந்து கேட்பேன். “இருக்கேன்டா, நிதானமா வா” என்று பதில் வரும். நான் பயப்படக் கூடாது என்பதற்காக, வாழைக்கருகில் நின்றபடி அநுமார் கடல் தாண்டிய கதையை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். நட்சத்திரங்களின் பெயர் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வழியில் தெரிந்ததுதான். இன்று என் பேரனுக்குக் கட்டிலிலிருந்து நாலு எட்டில் கழிவறை. விளக்கு தானே எரிகிறது. அவனுக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. அவன் பத்திரமாக இருக்கிறான் என்பதில் எனக்கு நிம்மதி. அவனுக்கு அந்தக் கதை கிடைக்கவில்லையே என்பதில் வருத்தம். இரண்டும் உண்மை.

கோடை விடுமுறையில் பையன்களுக்கு அரசலாற்றங்கரை. விடியலில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு கும்பலாகக் கிளம்பினால், போகும்போது சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று தொடங்கிய சண்டை, ஆற்றில் குளித்துத் தலை துவட்டும்போதும் முடிந்திருக்காது. அந்தச் சிநேகிதம் அந்த நடையில் வளர்ந்தது. ஆனால் அதே கரையில், ஆண்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் இருட்டோடு இருட்டாகப் போய்த் திரும்பிவிட வேண்டியிருந்த பெண்களுக்கு அது என்ன விதமான நடையாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன். நமக்கு இனித்த பழசு எல்லாம் எல்லோருக்கும் இனித்ததல்ல.

அந்த ஓட்டு அறையின் பின்சுவரில் சந்துப் பக்கமாகத் தகரக் கதவு போட்ட ஒரு துவாரம் இருக்கும். எடுப்புக் கக்கூஸ் என்றுதான் அதற்குப் பெயர். காலையில் நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் அந்தச் சந்து வழியாகவே வந்து, தகரத்தால் வழித்து, வாளியில் எடுத்து, சாம்பல் தூவிவிட்டு, அந்தச் சந்து வழியாகவே போய்விடுவார். சந்து முனையில் மாட்டு வண்டி நிற்கும். வீட்டின் வாசலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இராது. அவர் யார் கண்ணிலும் படாமல் வந்து போவதற்காகவே ஊர் முழுக்கத் தெருக்களுக்குப் பின்னால் சந்துகள் விடப்பட்டிருந்தன. தீபாவளியன்று முறுக்கும் பழைய புடவையும் கொல்லைக் கதவு வழியாகவே அவர் மடியில் விழும். இந்த வேலை இந்தச் சாதிக்கு என்று ஊர் தீர்த்து வைத்திருந்தது. தீர்ப்புச் சொன்னவர்கள் யாரும் அந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை. தகழி 1947இல் மலையாளத்தில் எழுதிய ‘தோட்டியின் மகன்’ நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் பின்னாளில் படித்தபோது, அந்தத் தகரம் தரையில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. மனிதக் கையால் மலம் அள்ளவைப்பதையும் அதற்கான கழிப்பிடம் கட்டுவதையும் தடை செய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. நாடு சுதந்திரம் பெற்று 46 ஆண்டுகள் கழித்து.

எழுபதுகளில் அப்பா செப்டிக் டேங்க் கட்டத் தீர்மானித்தார். கிணற்றுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம், எந்த மூலை, எந்த நாள் என்று வீடே இரண்டு பட்டது. பாட்டிக்கு ஒரே ஆட்சேபம்: அசுத்தத்தை வெளியேற்றுகிற வீடு போய், மண்ணுக்குள் சேர்த்து வைக்கிற வீடாகிறதே என்று. கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த நான், தொட்டிக்குள் காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் அவையே தின்று கரைத்துவிடும் என்று உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுகளுக்கு யாருடா கூலி தரா?” என்றாள். மேஸ்திரி கடைசி நாளில் ஒரு கூடைச் சாணத்தைக் கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றி, நுண்ணுயிர்களுக்கு முதல் வாய்ச் சோறு போட்டார். உயரத்தில் இரும்புத் தொட்டியும் தொங்கும் சங்கிலியுமாக அமைந்த அந்தக் கழிவறையைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். சங்கிலியை இழுத்ததும் வரும் அந்த இரைச்சலைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்ப இழுத்தோம்.

தொட்டியின் வேலை எளிமையானது, அழகானது என்றுகூடச் சொல்வேன். முதல் அறையில் கனமானது மண்டியாகக் கீழே படிகிறது, எண்ணெய்ப் பசையுள்ளது ஆடையாக மேலே மிதக்கிறது, நடுவில் தெளிகிற நீர் தடுப்புச் சுவரைத் தாண்டி இரண்டாவது அறைக்கும் அங்கிருந்து உறிஞ்சு குழிக்கும் போகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீர் ஆழமும் போதும் என்கிறது ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதி. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மண்டியை எடுத்தாக வேண்டும். இந்தப் பாதியைத்தான் நம் ஊர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “கட்டி இருபது வருஷமாச்சு சார், ஒரு தடவைகூட எடுத்ததில்லை” என்று பெருமையாகச் சொல்பவரை உங்கள் தெருவிலும் பார்த்திருப்பீர்கள். அவர் வீட்டுத் தொட்டிக்கு அநேகமாகத் தளமே போட்டிருக்க மாட்டார்கள். உறை இறக்கிய வெறும் குழியாக இருக்கும். இருபது வருஷமாக அது நிரம்பாததற்குக் காரணம், அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போய்க்கொண்டிருப்பதுதான்.

மடிப்பாக்கத்துக்கு நான் குடிவந்த தொண்ணூறுகளில் ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் பேச்சே இதுதான். ஏரிப்பக்கத்து மண், மழையில் நிலத்தடி நீர் மேலேறித் தொட்டிக்குள் புகுந்துவிடும், கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காது. லாரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, “இப்ப முழுசா எடுத்தா தொட்டி மிதந்துடும் சார், மழை விடட்டும்” என்பார்கள். நிலத்தடி நீர் ததும்பும்போது காலியான தொட்டியை அது கீழிருந்து தூக்கிவிடும் என்பது நிஜம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒன்றாகிப்போன அந்த நாட்களை அனுபவித்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

லாரிகள் பெருகுவதற்கு முன்னால், இடைக்காலத்தில், இந்த வேலை இரவில் நடந்தது. இரண்டு மூன்று பேர் வருவார்கள். சிலாப்பை நெம்பித் திறந்து, ஒருவர் உள்ளே இறங்கி வாளியில் மொண்டு கொடுக்க, மேலே நிற்பவர் வாங்கிப் பக்கத்திலேயே தோண்டிய குழியில் கொட்டுவார். அந்த வேலையைத் தாங்க அவர்கள் முதலில் சாராயம் குடித்தார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்து, மண் மூடி, அதன் மேல் தென்னங்கன்றும் வைத்தாகிவிடும். சந்து போனது, சந்துக்குப் பதில் இருட்டு வந்தது.

தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். இறங்கினவர் அபாயம் போய்விட்டது என்று நினைக்கிற அந்த நொடிதான் அபாயம். அவர் சாய்ந்ததும் காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். செய்தித்தாளில் இந்தச் செய்தி வராத வருஷம் இல்லை. இந்தச் சாவுகளின் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சென்னை ஐ.ஐ.டி.யில் தொட்டியைக் கலக்கிச் சுத்தம் செய்ய ‘ஹோமோசெப்’ என்ற எந்திரத்தைச் செய்திருக்கிறார்கள். சட்டமும் எந்திரமும் வந்த பிறகும் ஒரு மனிதர் ஏன் இறங்க நேர்கிறது?

லாரி ஓட்டுகிற ஒரு தம்பியிடம் கேட்டேன். எங்கள் வீட்டு மாமரத்தடியில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: “நேரத்துக்குக் கூப்பிடுற வீட்டுல ஓஸைப் போட்டா சரசரன்னு இழுத்துக்கும் ஐயா. பத்துப் பதினஞ்சு வருஷம் விட்ட வீட்டுல அடியில மண்டி கல்லா இறுகிக் கிடக்கும். பம்பு இழுக்காது. அப்பதான் வீட்டுக்காரங்க ‘யாராச்சும் இறங்குங்களேன், காசு சேர்த்துத் தரேன்’னு கேப்பாங்க.” இதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. தொட்டியை வருஷக் கணக்கில் மறந்துவிடுகிற வீடுதான் ஒருவரைக் குழிக்குள் இறக்குகிறது. பெருமைக்குரியதாகச் சொல்லப்படும் அந்த இருபது வருஷத்தின் கடைசியில் யாரோ ஒருவருடைய உயிர் நிற்கிறது.

எடுத்ததை எங்கே கொட்டுகிறார்கள் என்பதும் நம் விஷயம்தான். 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இரவில் லாரிகள் திறந்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முறை. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழியில், தொட்டி மண்டிக்கென்றே ஒரு நிலையம் 2017இல் தொடங்கியது. அங்கே படுகைகளில் உலர்ந்து அது எருவாகிறது. எங்கள் கொல்லையில் இருட்டில் மூடிய குழியின் மேல் வளர்ந்த தென்னை ஊரிலேயே அதிகம் காய்த்தது என்பதை நினைத்தால், பட்டப்பகலில், யாரும் சாகாமல், யாரும் ஒளியாமல் அதே காரியம் நடப்பதுதான் நான் பார்த்த முன்னேற்றங்களில் உயர்ந்தது என்று தோன்றுகிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கடைசியாக எப்போது எடுத்தோம் என்பதைக் காலண்டரிலோ மீட்டர் பெட்டிக் கதவிலோ எழுதி வையுங்கள். மூன்றாவது வருஷம் மழைக்கு முன்பே, ஆடி ஆவணியில், வண்டியைக் கூப்பிடுங்கள். 14420 என்ற எண் இதற்கென்றே இருக்கிறது. அடியில் கொஞ்சம் மண்டியை விட்டுவைக்கச் சொல்லுங்கள், அடுத்த சுற்றுக்கு அதுதான் உறை மோர். ஆசிடையும் பினாயிலையும் வாளி வாளியாக ஊற்றி நுண்ணுயிர்களைக் கொல்லாதீர்கள். காற்றுக் குழாயின் வாயில் கொசு புகாமல் வலை கட்டுங்கள். லாரி எங்கே போய்க் கொட்டும் என்று கேளுங்கள். வந்தவர்களுடைய பெயரையும் கேளுங்கள். வாசல் வழியாகவே வரச்சொல்லிக் கை கழுவச் சோப்பும், உட்கார நிழலும், குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும், எவ்வளவு பணத்துக்காகவும், எவரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். அவராகவே இறங்க முன்வந்தாலும் விடாதீர்கள்.