முக்கால் ஸ்பிண்டில் முதலாளி

ஊருக்குள் என்னை யாரும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை. செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரே ஒரு நாள், பல்லடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு நூல் மில்லில் மட்டும் அந்த அந்தஸ்து கிடைக்கிறது. கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நிற்கிறார். அந்த மில்லின் நூறு பங்குகள் என் டீமேட் கணக்கில் இருப்பதுதான் காரணம். மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 32 லட்சம். மில்லில் ஓடுவது 25 ஆயிரம் ஸ்பிண்டில். பாகப்பிரிவினை என்று வந்தால் எனக்கு முக்கால் ஸ்பிண்டில் தேறும். அதை வைத்து நூல் நூற்க முடியாது. கேள்வி கேட்கலாம்.

கேள்வி கேட்பதற்கென்றே வருடத்தில் ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். அதன் 96-ஆவது பிரிவுப்படி, கணக்கு ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். மார்ச் 31-இல் கணக்கு முடிக்கும் கம்பெனிகளில் பல ஆகஸ்ட் வரை சும்மா இருந்துவிட்டு செப்டம்பரில் அடித்துப் பிடித்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்புகின்றன. கூட்டம் காலை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது, மாலை 6 மணிக்கு மேல் தொடங்கக் கூடாது, தேசிய விடுமுறை நாளாக இருக்கக் கூடாது. பதிவு அலுவலகத்திலோ அது இருக்கும் ஊரிலோதான் நடக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையால்தான் நான் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மில்லுக்குப் போகிறேன். பதிவு அலுவலகம் ஊட்டியில் இருக்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்கியிருக்கலாம்.

அமெரிக்காவில் ஓமஹா என்ற ஊரில் வாரன் பஃபெட் மேடையில் மிட்டாயைக் கடித்துக்கொண்டே மணிக்கணக்கில் பதில் சொன்னதும், அதைக் கேட்க உலகம் முழுவதிலுமிருந்து பல்லாயிரம் பேர் விமானம் ஏறிப் போனதும் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். பம்பாயில் எண்பதுகளிலேயே திருபாய் அம்பானி, பங்குதாரர்களுக்கு அரங்கம் போதாமல் கூப்பரேஜ் கால்பந்து மைதானத்தில் கூட்டம் நடத்தினார். எங்கள் மில்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கேண்டீனில் இரண்டு பெஞ்சை ஓரம் தள்ளினால் இடம் மிச்சமாகவே இருக்கும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை என்று பழைய பங்குதாரர்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்தக் காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனால் ஒரு துண்டு, ஒரு சுவீட் பாக்ஸ். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கி, பாட்டி முதல் பேத்தி வரை வரிசையில் நின்று ஐந்து துண்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. லாப நஷ்டம் பற்றி அவர்களுக்குக் கேள்வியே கிடையாது, துண்டின் நீளம் பற்றி மட்டும் உண்டு. 2015 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கூட்ட நெறி இதற்கு வேட்டு வைத்தது. பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களுக்கு அன்பளிப்பு, அன்பளிப்புக் கூப்பன், அதற்குப் பதிலாகப் பணம், எதுவுமே கொடுக்கக் கூடாது. கூட்டம் முடிந்தபின் உட்கார வைத்து போண்டாவும் காபியும் கொடுப்பது அன்பளிப்பில் சேராது என்று கம்பெனிகளாகப் பொருள் எடுத்துக்கொண்டன. ஆனாலும் துண்டுக்கு வந்தவர்கள் போண்டாவுக்கு வரத் தயாராக இல்லை.

விளைவு, கோரம் பிரச்சினை. ஆயிரத்துக்கு மேல் ஐயாயிரம் வரை உறுப்பினர்கள் உள்ள பப்ளிக் கம்பெனி என்றால் குறைந்தது 15 பேர் நேரில் இருந்தாக வேண்டும். தனக்குப் பதிலாக ஆள் அனுப்பும் ப்ராக்ஸி கணக்கில் வராது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஆள் சேரவில்லையென்றால் கூட்டம் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரத்துக்குத் தள்ளிப்போகும்.

இந்த வருடம் பத்து மணிக்கு எங்கள் கம்பெனி செக்ரட்டரி பேனா நுனியால் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது வயதைத் தொடாத பெண். முதலாளி குடும்பத்தையும் சேர்த்துப் பதிமூன்று. மறுபடியும் எண்ணினார். மறுபடியும் பதிமூன்று. பக்கத்தில் நின்றவர் காதில் ஏதோ சொல்ல, அவர் ஓடினார். ஐந்து நிமிடத்தில் டைம் ஆபீஸ் கிளார்க் ஒருவரும் ஃபிட்டர் ஒருவரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். இருவர் பேரிலும் பத்துப் பத்துப் பங்கு எப்போதோ வாங்கி வைத்திருக்கிறார்களாம். ஃபிட்டர் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அட்டெண்டன்ஸ் ஸ்லிப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கையில் இருந்த கிரீஸை பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். செக்ரட்டரி முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன்மேல் பழுப்பு அட்டை போட்ட பதிவேடுகள். எந்த இயக்குநரிடம் எவ்வளவு பங்கு என்ற பதிவேட்டைக் கூட்டம் முடியும்வரை திறந்து வைத்து, வந்தவர் யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது சட்டம். யாரும் கேட்பதில்லை. நான் ஒவ்வொரு வருடமும் போய்ப் புரட்டுவேன். புரட்டியதில் இதுவரை பெரிதாக ஒன்றும் தெரிந்துகொண்டதில்லை. ஆனால் மேடையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நம்மையே பார்ப்பார்கள். முக்கால் ஸ்பிண்டிலுக்கு அந்தப் பார்வை போதும்.

அப்புறம் தொடங்கும் "வாசித்ததாக எடுத்துக்கலாங்களா?" படலம். நோட்டீஸ் வாசித்ததாக எடுத்துக்கலாங்களா? எடுத்துக்கலாங்க. இயக்குநர் அறிக்கை? எடுத்துக்கலாங்க. பழைய 1956 சட்டத்தில் ஆடிட்டர் அறிக்கையையாவது கூட்டத்தில் வாசித்தே தீர வேண்டும். இப்போதைய சட்டத்தில், ஆடிட்டர் கம்பெனிக்குப் பாதகமாக ஏதாவது குறை சொல்லியிருந்தால் அதை மட்டும் வாசித்தால் போதும். எங்கள் ஆடிட்டர் குறை சொல்லும் வயதைத் தாண்டியவர்.

தலைவருக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பேச்சில் மாறாத கதாநாயகன் பஞ்சு. 2022-இல் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, லட்ச ரூபாயைத் தாண்டியபோது, பஞ்சு ஏறியதால் லாபம் இல்லை என்றார். அடுத்த வருடம் பஞ்சு இறங்கியது. ஏறியிருந்தபோது வாங்கி வைத்த பஞ்சு, இறங்கிய விலைக்கு நூலாகப் போனதால் லாபம் இல்லை என்றார். இரண்டும் உண்மைதான், மில் நடத்துகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பஞ்சு ஏறாமலும் இறங்காமலும் இருந்த வருடத்தில் கரண்ட் பில். கடவுள் மனது வைத்து எல்லாம் ஒத்துவந்த வருடம் ஒன்று உண்டு. அந்த லாபத்தில் புது மெஷின் வாங்கிவிட்டதால் டிவிடெண்ட் இல்லை.

பிறகு பங்குதாரர்கள் பேசலாம். முதலில் எழுந்தவர் ரிட்டயர்டு தமிழாசிரியர். "என்கிட்ட இருக்கறது பத்தே பத்துப் பங்குங்க" என்று அடக்கமாக ஆரம்பித்து, தலைவரின் தகப்பனார் மில்லுக்குக் கால்கோள் நாட்டிய நாளிலிருந்து வந்தார். தலைவரைக் கர்ணன் என்றார். டிவிடெண்ட் கொடுக்காத கர்ணன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்தவர் கோயமுத்தூர்க்காரர், வட்டாரத்தில் எந்தக் கம்பெனிக் கூட்டம் என்றாலும் அங்கே இருப்பவர். போனஸ் பங்கு கேட்டார். அது எல்லாக் கம்பெனியிலும் கேட்பதுதான். ஒருமுறை நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனியிலும் கேட்டார் என்று சொல்வார்கள்.

என் முறை வந்தது. என் கேள்வி பேரனைப் பற்றியது. சுழற்சியில் ஓய்வுபெற வேண்டிய இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் ஓய்வுபெற வேண்டும், விரும்பினால் மறுபடி நியமனம் கேட்கலாம். இந்த முறை ஓய்வுபெற்றவர் தலைவரின் பேரன். வயது 26. இருபத்தாறு வயதில் ஓய்வுபெற்று மூன்று நிமிடத்தில் மறுபடி வேலையில் சேரும் வசதி வேறெந்த உத்தியோகத்தில் இருக்கிறதோ தெரியவில்லை. மறுநியமனம் கேட்பவர் போன வருடம் எத்தனை போர்டு மீட்டிங்குக்கு வந்தார் என்பதை நோட்டீஸின் பின்பக்கத்தில் போட்டாக வேண்டும். போட்டிருந்தார்கள், பொடி எழுத்தில். ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றிலும் விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு மாதம் எந்த போர்டு மீட்டிங்குக்கும் வராத இயக்குநர், லீவு சொல்லியிருந்தாலும்கூட, பதவியை இழந்துவிடுவார். அந்த வீட்டில் யாரோ சட்டத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள்.

"வீடியோவில் வந்தாலும் வந்ததாகக் கணக்கு என்று சட்டம் சொல்கிறது. தம்பிக்கு அதற்குமா நேரமில்லை?" என்று கேட்டேன். மைக் கீச்சென்றது. தம்பி போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். அன்றைக்கு அவர் நிமிர்ந்தது அப்போது மட்டும்தான்.

தலைவர் கோபப்படவில்லை. "பையன் இப்பத்தானுங்க வந்துருக்கறான். போகப் போகப் பழகிக்குவான். நானும் சின்ன வயசுல மில்லுப் பக்கம் வராம சினிமாவுக்குப் போனவன்தானுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். தமிழாசிரியர்தான் பலமாகத் தட்டினார். பதில் என்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மில் முதலாளியைத் தன் பேரனுக்காக நேருக்கு நேர் ஜவாப் சொல்ல வைக்க, வேறு எந்த இடத்திலும் எனக்கு வக்கில்லை. சம்பந்திகூட இந்தக் கேள்வியைக் கேட்டுவிட முடியாது.

கேள்வி கேட்டதனால் முடிவு மாறிவிடுமா? மாறாது. பட்டியலிட்ட கம்பெனியில் முதலாளி குடும்பம் 75 சதவீதம் வரை வைத்துக்கொள்ள செபி அனுமதிக்கிறது; எங்கள் மில் முதலாளி குடும்பம் அதை ஒட்டியே வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, ஆன்லைன் வாக்குப்பதிவு கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கே முடிந்துவிடும். பதிலைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட வேண்டும். அப்படிப் போட்டவர் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், மறுபடி ஓட்டுப் போட மட்டும் முடியாது. நான் முந்தின நாளே பேரனுக்கு எதிராகப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஆன்லைனில் போடாதவர்களுக்கு மட்டும் அங்கேயே வாக்குச் சீட்டு கொடுத்தார்கள். தகரப் பெட்டி ஒன்றில் போட்டுவிட்டு எல்லோரும் போண்டாவுக்கு நகர்ந்தார்கள்.

போண்டா தட்டோடு திரும்பியபோது பார்த்தேன். பெஞ்சு ஓரத்தில் ஒரு அம்மாள், மடியில் மடித்த பிளாஸ்டிக் கவர். உள்ளே இறந்துபோன கணவர் பேரில் காகிதப் பங்குப் பத்திரம். செக்ரட்டரி பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டால் பணத்தோடு பங்கும் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போய்விட்டால் மீட்பது பெரும்பாடு. "ஏனுங் கண்ணு, இன்னும் போகலையில்ல?" என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். போகவில்லை.

கொரோனா வந்த 2020-இல் வீடியோவில் கூட்டம் நடத்த அரசு அனுமதி கொடுத்தது. பல கம்பெனிகள் அதிலேயே சுகம் கண்டு நிலைத்துவிட்டன. செலவு மிச்சம், போண்டா மிச்சம். வசதி என்னவோ உண்மைதான், பம்பாய்க் கம்பெனிக் கூட்டத்தில் வீட்டுத் திண்ணையிலிருந்தே கலந்துகொள்ளலாம். ஆனால் பேச வேண்டுமென்றால் முன்கூட்டியே பேர் கொடுக்க வேண்டும். அப்படி ஒருமுறை பேர் கொடுத்துக் காத்திருந்து, சங்கடமான கேள்வியை ஆரம்பித்ததும், "உங்கள் குரல் கேட்கவில்லை, அடுத்தவர்" என்று சொல்லிவிட்டார்கள். கேண்டீனில் அப்படிச் சொல்ல முடியாது. மைக்கே இல்லாவிட்டாலும் என் குரல் சமையலறை வரை கேட்கும்.

வாக்கு முடிவை இரண்டு வேலை நாளுக்குள் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்கள். பேரன் மறுநியமனம், ஆதரவு 99.99 சதவீதத்துக்கு மேல். ஆன்லைனில் எதிராக விழுந்தது 100; அது நான். கேண்டீனில் சீட்டுப் போட்டவர்களில் எதிராக விழுந்தது 10. என் கேள்விக்கும் தலைவரின் பதிலுக்கும் பிறகு யாரோ ஒருவர் அந்தத் தகரப் பெட்டியில் போட்டது. அங்கே பத்துப் பங்கு வைத்திருந்தவர்களில் மூன்று பேரை எனக்குத் தெரியும். ஓட்டு எண்ணிய ஸ்க்ரூட்டினைசருக்கு அது யார் என்று தெரிந்திருக்கும்; அவர் சொல்ல மாட்டார், நானும் கேட்கப் போவதில்லை.

உங்கள் வீட்டு அலமாரியிலோ மெயிலிலோ இப்படி ஒரு சின்னக் கம்பெனியின் நோட்டீஸ் கிடக்கும். நோட்டீஸ் 21 நாளைக்கு முன்பே வந்துவிடும், லீவு சொல்ல நேரம் தாராளம். அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, நேரில் ஒருமுறை போய் வாருங்கள். ஓட்டை மட்டும் முந்தின நாளே போட்டுவிடாதீர்கள்.